டிராயரில் உறங்கும் கையெழுத்து

ஆடிட்டர் அலுவலகங்களில் அக்டோபர் மாதம் யாரும் சீக்கிரம் வீடு திரும்புவதில்லை. பெரும்பாலான கம்பெனிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள் முடிந்திருக்கும். அன்றிலிருந்து 30 நாளுக்குள் நிதிநிலை அறிக்கையையும், 60 நாளுக்குள் ஆண்டு விவர அறிக்கையையும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் ஏற்றியாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். அந்த நெருக்கடியில் ஜூனியர் ஒருவர் மேஜை டிராயரை இழுக்கிறார். உள்ளே பென் டிரைவ் மாதிரி இருக்கும் டோக்கன்கள், கம்பெனி வாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ஸ்டிக்கர். அதில் இயக்குநரின் பெயர், காலாவதியாகும் மாதம், சில வேளைகளில் பாஸ்வேர்டும். ஒன்றை உருவிக் கணினியில் செருகிப் பாஸ்வேர்டைத் தட்டுகிறார். இயக்குநர் கையெழுத்துப் போட்டாயிற்று. அந்த இயக்குநர் அப்போது திருப்பூரில் லாரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கலாம்.

பேச்சுவழக்கில் இந்த டோக்கனை டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ், என்கிறார்கள். "சாரோட டிஎஸ்சி நம்மகிட்டதான் இருக்கு" என்பது அந்த அலுவலகங்களில் சாதாரண வாக்கியம்.

இந்தச் சிறு பொருளுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 கொடுத்திருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அதன் 15-ஆவது பிரிவு 'பாதுகாப்பான மின்னணுக் கையொப்பம்' என்ற ஒரு தனித் தகுதியை வரையறுக்கிறது. கையொப்பம் இடும் நேரத்தில் அதை உருவாக்கும் ரகசியத் தரவு கையெழுத்திடுபவரின் தனிக் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும்; வேறு எவரிடமும் இருந்திருக்கக் கூடாது. அரசு வகுத்த முறைப்படியே அது சேமிக்கப்பட்டு, அந்த முறைப்படியே பயன்பட்டிருக்கவும் வேண்டும். இரண்டும் பொருந்தினால், அந்தக் கையொப்பத்தை நம்பியே நீதிமன்றம் விசாரணையைத் தொடங்கும். டிராயரில் கிடக்கும் டோக்கன் முதல் நிபந்தனையிலேயே தோற்றுப்போகிறது. ஆனால், தோற்றது வெளியே தெரியாது. ஆவணத்தின் மூலையில் பச்சை டிக் பளிச்சென்று நிற்கும்.

கணிதம் ஏறக்குறையக் குறையில்லாமல் செய்துகொடுத்த கருவி இது. அதை மனிதர்களின் கையில் பொருத்தும் இடத்தில்தான் சட்டம் மூச்சு வாங்குகிறது.

காகிதக் கையெழுத்தைப் பற்றி நீதிமன்றங்களுக்கு எந்நாளும் பெரிய மயக்கம் இருந்ததில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் மூன்று வழிகளை வைத்திருந்தது. கையெழுத்து நிபுணரைக் கூப்பிடலாம் (பிரிவு 45). அந்த மனிதரின் எழுத்தோடு பழகியவரைக் கேட்கலாம் (47). நீதிமன்றமே இரண்டு கையெழுத்துகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம் (73). மூன்றும் கடைசியில் அபிப்பிராயங்களே. "இது என் கையெழுத்தில்லை" என்று ஒருவர் மறுத்துவிட்டால், அதை நம்பி வழக்குக்கு வந்தவர்தான் நிரூபிக்க வேண்டும். மை இன்னொரு வகையிலும் பலவீனமானது. அது பட்ட இடத்தோடு சரி. இருபது பக்க ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இருந்தால், ஏழாம் பக்கத்தை மாற்றிச் செருகுவதை அது தடுக்காது. பத்திரப் பதிவில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவதும், காசோலையில் 'ரூபாய் ஒரு லட்சம் மட்டும்' என்று எழுத்தால் எழுதுவதும் இதனால்தான். அந்த 'மட்டும்' நம் தாத்தா காலத்துப் பாதுகாப்புத் தொழில்நுட்பம்.

1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் ஒரு விசித்திரமான யோசனையை வெளியிட்டார்கள். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி; ஒன்றை ஊருக்கெல்லாம் கொடுத்தாலும் மற்றதை ஊகிக்க முடியாது. ஊருக்குக் கொடுப்பது பொதுச் சாவி, தன்னிடமே வைத்துக்கொள்வது தனிச் சாவி. அடுத்த ஆண்டே எம்ஐடி-யில் இருந்த ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ஆர்எஸ்ஏ என்று பெயர்.

அடிப்படை பள்ளிக்கூடக் கணக்குதான். 53-ஐ 61-ஆல் பெருக்கினால் 3,233 என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். 3,233-ஐ மட்டும் கொடுத்து, "எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல் இது?" என்று கேட்டால் தாளும் பேனாவும் தேவைப்படும். எண் பெரிதாகப் பெரிதாக இந்த வித்தியாசம் பூதாகரமாகிறது. இந்தியாவின் டிஎஸ்சி-களில் பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் 2048 பிட் ஆர்எஸ்ஏ எண்ணுக்கு 617 இலக்கங்கள். இவ்வகைச் சவால் எண்களில் 250 இலக்கம் கொண்ட ஒன்றை 2020-இல் ஆராய்ச்சியாளர்கள் உடைத்தார்கள். ஒரே செயலியை மட்டும் வைத்துச் செய்திருந்தால் ஏறக்குறைய 2,700 ஆண்டுகள் பிடிக்கும் வேலை அது. 617 இலக்கம் இதைவிட எத்தனையோ மடங்கு தொலைவில் இருக்கிறது.

இதோடு ஹேஷ் என்ற இன்னொரு உத்தி சேர்கிறது. எந்த ஆவணத்தைக் கொடுத்தாலும், அது ஒரு பக்கமோ ஓராயிரம் பக்கமோ, அதை அரைத்து 64 குறிகள் கொண்ட ஒரே அளவு முத்திரையாக்கித் தருவது எஸ்எச்ஏ-256 என்னும் ஹேஷ் முறை. ஒப்பந்தத்தில் 1,00,000 என்பதை 10,00,000 ஆக்கினால், கூடியது ஒரே ஒரு பூஜ்ஜியம். ஆனால், முத்திரையில் ஏறக்குறையப் பாதி பிட்கள் மாறிவிடும். டிஜிட்டல் கையொப்பம் என்பது இந்த முத்திரையின் மேல் தனிச் சாவியைக் கொண்டு செய்த ஒரு கணக்கின் விடை. சரிபார்ப்பவர் பொதுச் சாவியைக் கொண்டு அந்த விடையிலிருந்து முத்திரையைத் திரும்பப் பெறுகிறார். ஆவணத்தைத் தானும் அரைத்துப் பார்க்கிறார். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஏழாம் பக்கத்தையும் யாரும் தொடவில்லை, எழுபதாம் பக்கத்தையும் தொடவில்லை. மை தர முடியாத உத்தரவாதம் இது.

ஆனால் கணிதம் இதற்கு மேல் ஒரு சொல்கூடச் சொல்லாது. 'இந்தப் பொதுச் சாவிக்கு ஜோடியான தனிச் சாவி இந்த ஆவணத்தின் மேல் பயன்பட்டிருக்கிறது' என்பதோடு அதன் சாட்சியம் முடிகிறது. அந்தச் சாவி முருகேசனுடையதா, முத்துலட்சுமியுடையதா என்பது அதற்குத் தெரியாது.

அதைச் சொல்ல ஒரு நிறுவனம் வேண்டியிருக்கிறது. ஒருவரின் அடையாளத்தைச் சோதித்து, 'இந்தப் பொதுச் சாவி இவருடையது' என்று சான்றிதழ் எழுதி, அதில் தன் டிஜிட்டல் கையொப்பத்தை இடுவது சான்றளிக்கும் நிறுவனத்தின் வேலை. அந்த நிறுவனத்துக்குச் சான்றளிப்பது யார்? இந்தியாவில் சான்றளிப்பாளர்களின் கட்டுப்பாட்டு அதிகாரி என்ற பதவி இதற்காகவே உருவானது. சுருக்கமாக சிசிஏ. அவருடைய சாவிதான் நாட்டின் மூலச் சாவி. அவரிடம் முதல் உரிமம் பெற்றது சென்னையைச் சேர்ந்த சேஃப்ஸ்கிரிப்ட். பின்னாளில் சிஃபி என்று பெயர் மாறிய சத்யம் இன்ஃபோவேயின் துணை நிறுவனம். ஆண்டு 2002.

இந்த நம்பிக்கைச் சங்கிலியை ஏறக்குறைய எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள், கவனித்திருக்க மாட்டார்கள். இ-ஆதார் கோப்பைத் தரவிறக்கி, பெயரின் முதல் நான்கு எழுத்தையும் பிறந்த ஆண்டையும் பாஸ்வேர்டாகத் தட்டித் திறந்தால், பலருடைய கணினியில் ஒரு மஞ்சள் கேள்விக்குறி எட்டிப்பார்க்கும். கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை என்று அதன் கீழே எழுதியிருக்கும். ஆதாரே போலியோ என்று பதற வேண்டியதில்லை. பிடிஎஃப் மென்பொருள் யாரை நம்புவது என்று தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இந்திய சிசிஏ-வின் மூலச் சான்றிதழ் இல்லாதபோது எழும் கேள்விக்குறி அது. கையொப்பத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, சான்றிதழ் விவரத்தைத் திறந்து, சங்கிலியின் உச்சியில் 'சிசிஏ இந்தியா' இருப்பதைப் பார்த்து, நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துச் சரிபார்த்தால் மஞ்சள் மறைந்து பச்சை டிக் வந்துவிடும். ஆவணத்தில் ஒரு பிட்கூட மாறியிருக்காது. மாறியது உங்கள் கணினி யாரை நம்புகிறது என்பது மட்டுமே.

நம்மூரில் இந்தக் கோப்பைப் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, அதை ஜெராக்ஸ் போட்டு, அதன் மேல் சுய கையெழுத்தும் வாங்குகிறார்கள். காகிதத்துக்கு வந்த அந்தக் கணத்தில் கையொப்பம் ஆவியாகிவிட்டது. தாளில் இருப்பது பச்சை டிக்கின் புகைப்படம். இ-சேவை மையத்தில் வாங்கும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சான்றிதழ் எண்ணை அரசுத் தளத்தில் தட்டிச் சரிபார்க்கும் வசதி இருப்பதால் ஏதோ பிழைக்கிறோம்.

* * *

சட்டங்கள் இந்தக் கணிதத்தை எப்படி எதிர்கொண்டன என்பதில் நாட்டுக்கு நாடு குணம் தெரிகிறது. முதலில் குதித்தது அமெரிக்காவின் யூட்டா மாநிலம். 1995-இல் இரட்டைச் சாவி முறையை அப்படியே சட்டமாக எழுதியது; 2006-இல் அதை நீக்கியும்விட்டது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் நேர் எதிர்த்திசையில் போனது. கையெழுத்திடும் எண்ணத்தோடு சேர்க்கப்பட்ட ஒலி, குறியீடு, செயல்முறை எதுவானாலும் மின்னணுக் கையொப்பம்தான் என்றது. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினாலும் போதும். 2000 ஜூன் 30 அன்று ஃபிலடெல்ஃபியாவில் அதிபர் கிளிண்டன் ஸ்மார்ட் கார்டைக் கொண்டு இந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பாஸ்வேர்ட் 'பட்டி', அவருடைய நாயின் பெயர். அது உலகத்துக்கே தெரிந்துபோனது. சட்டம் இன்னும் அமலுக்கு வராததால் பேனாவாலும் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

ஐரோப்பா படிகள் கட்டியது. 1999-இல் ஒரு வழிகாட்டுதல். பிறகு 2014-இல் ஐடாஸ் என்று அழைக்கப்படும் ஒழுங்குமுறை, அமலுக்கு வந்தது 2016 ஜூலை 1. அதன்படி சாதாரணக் கையொப்பம், மேம்பட்ட கையொப்பம், தகுதி பெற்ற கையொப்பம் என மூன்று நிலைகள். சான்று பெற்ற கருவியில் உருவாகி, தகுதி பெற்ற நிறுவனத்தின் சான்றிதழோடு வரும் கடைசி நிலைக்கு மட்டுமே பேனாக் கையெழுத்துக்குச் சமமான மதிப்பு தானாகக் கிடைக்கும். மற்ற இரண்டையும் மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றம் தள்ள முடியாது, அவ்வளவே.

இந்தியாவின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கணிதத்தின் மேல் அபார மோகம் கொண்டது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஹேஷ் முறைக்கு இலக்கணம் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் 3-ஆவது பிரிவின் விளக்கத்தைப் படிக்கலாம். முத்திரையிலிருந்து மூல ஆவணத்தைத் திரும்ப உருவாக்குவதும், இரண்டு ஆவணங்கள் ஒரே முத்திரையைத் தருவதும் கணிப்பு அளவில் சாத்தியமற்றதாக இருக்க வேண்டும் என்கிறது அது. கணினி அறிவியல் மாணவர் தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். சிக்கல் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் இருந்தது. எந்த ஹேஷ் முறைகளைப் பயன்படுத்தலாம் என்று அவை பெயர் சொல்லிவிட்டன: எம்டி5, எஸ்எச்ஏ-1. 2004 ஆகஸ்டில் சீனக் கணிதவியலாளர் சியாவ்யுன் வாங்கின் குழு, எம்டி5-இல் ஒரே முத்திரை தரும் இரு வேறு தரவுகளை உருவாக்கிக் காட்டியது. 2008 இறுதியில் இன்னொரு குழு, 200 பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிகளை இணைத்து, அதே ஓட்டையின் வழியே போலிச் சான்றளிப்பு நிறுவனம் ஒன்றையே தயாரித்துவிட்டது. 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் எஸ்எச்ஏ-1-க்கும் முடிவு கட்டின. அவர்கள் வெளியிட்ட சான்று, வெவ்வேறு உள்ளடக்கமும் ஒரே முத்திரையும் கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகள். சட்டம் 'சாத்தியமற்றது' என்று எழுதியதை, அதே சட்டத்தின் விதியில் பெயர் பெற்ற முறைகள் சாத்தியமாக்கிவிட்டன. இந்திய சிசிஏ, 2012 தொடக்கத்திலிருந்து எஸ்எச்ஏ-256-க்கும் 2048 பிட் சாவிக்கும் மாறச் சொல்லியிருந்ததால் அந்த அடி நம்மேல் நேராக விழவில்லை.

2008-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த மோகத்தைக் கொஞ்சம் தணித்தது. 3ஏ என்ற புதுப் பிரிவு எந்த ஒரு தொழில்நுட்பத்தையும் பெயர் சொல்லாமல், நம்பகமான முறைக்கு வேண்டிய பண்புகளை மட்டும் சொன்னது. எந்தெந்த முறைகள் அதில் சேரும் என்பதை அட்டவணையில் அவ்வப்போது அரசு சேர்த்துக்கொள்ளலாம்.

'பாதுகாப்பான' என்ற தகுதிக்கு இலக்கணம் சொன்னவை 2004 அக்டோபரில் வந்த பாதுகாப்பு நடைமுறை விதிகள். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு டோக்கனுக்குள் எட்டிப்பார்க்கலாம். சாவி ஜோடி டோக்கனின் சிப்புக்குள்ளேயே உருவாக வேண்டும். தனிச் சாவி ஒருபோதும் அந்தச் சிப்பை விட்டு வெளியே வரக் கூடாது. கணினி ஆவணத்தை அரைத்து முத்திரையை மட்டும் சிப்புக்கு அனுப்பும். சிப் உள்ளேயே கணக்குப் போட்டு விடையைத் திருப்பித் தரும். டோக்கனை உடைத்துப் பார்க்க முயன்றாலும் சாவி எளிதில் கிடைக்காது. இவ்வளவும் அருமை. ஆனால், வரிசையை நிதானமாகப் படித்தால் ஒன்று உறுத்தும். சிப் ஆவணத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்கு வருவது 64 குறிகள் கொண்ட முத்திரை. திரையில் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டிவிட்டு, பின்னால் கடன் பத்திரத்தின் முத்திரையை ஒரு வைரஸ் அனுப்பினால், சிப் மறுபேச்சின்றி கையெழுத்துப் போட்டுத் தரும். சாவியைக் காக்க இவ்வளவு பாடுபட்ட விதி, கணினியை நல்லவனாகவே எடுத்துக்கொண்டது.

இந்த விதிகளுக்குள் பொருந்திவிட்டால் கிடைக்கும் பரிசுதான் மொத்தக் கதையின் மையம். சாட்சியச் சட்டத்தின் 85பி பிரிவு, அதாவது அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 86-ஆவது பிரிவு, பாதுகாப்பான மின்னணுக் கையொப்பத்தை அதன் உரிமையாளரே, ஆவணத்துக்கு ஒப்புதல் தரும் எண்ணத்தோடு இட்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது. மாறாக நிரூபிக்கும் வரை அந்த அனுமானம் நிற்கும். பேனாக் கையெழுத்தை ஒருவர் மறுத்தால் எதிராளி நிரூபிக்க வேண்டும். இங்கே மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். சுமை தோள் மாறிவிட்டது.

திருப்பூர் இயக்குநரிடம் திரும்பலாம். அவர் பெயரில் கையொப்பமான ஒரு படிவத்தால் தகராறு வந்து, கூண்டில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "டோக்கன் என்னிடம் இல்லை, ஆடிட்டரிடம் இருந்தது" என்கிறார். அது உண்மைதான். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, தனிச் சாவியின் கட்டுப்பாட்டை இழக்காமல் இருக்கத் தக்க எச்சரிக்கை எடுக்க வேண்டியது சான்றிதழ்தாரரின் கடமை என்கிறது. சாவி கைநழுவியதைச் சான்றளிக்கும் நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் வரை அவரே பொறுப்பு என்றும் விளக்குகிறது. தன்னைக் காத்துக்கொள்ள அவர் சொல்லும் வாக்கியமே அவர் கடமை தவறியதற்கான வாக்குமூலமாகிறது. பிறர் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறை உண்டுதான். அதற்கு மோசடி எண்ணம் வேண்டும். சம்மதத்தோடு கொடுத்து வைத்த டோக்கனை அவசரத்துக்குச் செருகிய ஜூனியரிடம் அதை எங்கே போய்த் தேடுவது? எந்த விரல் பாஸ்வேர்டைத் தட்டியது என்று டோக்கன் எங்கும் எழுதி வைப்பதில்லை.

அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. 2021 தொடக்கத்திலிருந்து இரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள் நிறுத்தப்பட்டன. விண்ணப்பிப்பவர் வீடியோவில் முகம் காட்ட வேண்டும். கொடுக்கும் வாசலில் காவல் பலமாகியிருக்கிறது. ஓட்டை இருப்பது கொடுத்த பிறகு நடக்கும் வாழ்க்கையில். அங்கே எந்த வீடியோவும் இல்லை.

* * *

மனிதர்கள் ஒழுங்காக நடந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், எஸ்டோனியாவின் 2017-ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

13 லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்தப் பால்டிக் நாட்டில் அடையாள அட்டைதான் பேனா. வங்கி, வரி, மருந்துச் சீட்டு, தேர்தல் வாக்கு வரை அட்டையைச் செருகி ரகசிய எண்ணைத் தட்டினால் போதும். இரவல் கொடுக்கும் பழக்கத்தையும் சட்டம் ஊக்குவிப்பதில்லை. 2017 ஆகஸ்ட் இறுதியில் செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடமிருந்து அரசுக்கு ஒரு தகவல் வந்தது. அட்டைகளில் இருந்த இன்ஃபினியான் சிப், சாவிக்கான பகா எண்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு குறுக்குவழியைக் கையாண்டிருக்கிறது. சின்னஞ்சிறு சிப்பில் பெரிய பகா எண்களைத் தேட நேரமாகும் என்பதால், குறிப்பிட்ட ஒரு வாய்ப்பாட்டுக்குள் அடங்கும் எண்களை மட்டும் அது எடுத்திருக்கிறது. எல்லையற்ற காட்டில் தேட வேண்டிய எண், வேலி போட்ட தோட்டத்துக்குள் வந்துவிட்டது. பொதுச் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு தனிச் சாவியைக் கணக்கிட்டுவிடலாம். 2048 பிட் சாவி ஒன்றை உடைக்க, ஒரே செயலியாக இருந்தால் அதிகபட்சம் 140 ஆண்டுகள். ஆயிரக்கணக்கான கணினிகளை வாடகைக்கு எடுத்தால் சுமார் 40,000 டாலர் செலவு என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். ஒரு சாதாரண மனிதரின் அட்டைக்கு இது அதிகம். ஒரு அமைச்சருடையதற்கு?

பாதிக்கப்பட்டவை ஏறக்குறைய 7,60,000 அட்டைகள். இதில் கசப்பான சங்கதி, அந்தச் சிப்பின் மென்பொருள் சர்வதேசப் பாதுகாப்புச் சோதனைகளில் தேறிச் சான்று பெற்றிருந்தது என்பது. சட்டம் கேட்ட முத்திரைகள் எல்லாம் இருந்தன. சோதித்தவர்கள் கண்ணில் படாதது, ஒரு பல்கலைக்கழகத்தில் லட்சக்கணக்கான பொதுச் சாவிகளைப் புள்ளியியல் கண்ணோடு பார்த்தவர்கள் கண்ணில் பட்டது.

எஸ்டோனியா மூடி மறைக்கவில்லை. செப்டம்பர் 5 அன்று பகிரங்கமாக அறிவித்தது. பொதுச் சாவிகளின் தரவுத்தளத்தைப் பார்வையிலிருந்து அகற்றியது. அதே சிப்பில் நீள்வளைவுக் கணிதத்தில் இயங்கும் வேறொரு முறையும் இருந்ததால், அட்டைகளை வீட்டிலிருந்தபடியே புதுப்பிக்க வழி செய்தது. நவம்பர் 3 நள்ளிரவோடு, புதுப்பிக்காத அட்டைகளின் சான்றிதழ்களை இடைநிறுத்தியது. அந்த வாரம் இணையத்தில் நெரிசல், காவல்துறை அலுவலகங்களில் வரிசை. மருத்துவர்களுக்கும் அரசுப் பணியாளர்களுக்கும் முதல் இடம். யாருடைய கையெழுத்தும் திருடப்பட்டதாகத் தெரியவரவில்லை. ஏற்கெனவே இட்ட கையொப்பங்களும் செல்லாமல் போகவில்லை. ஒவ்வொன்றோடும், 'இந்தக் கணத்தில் இந்தச் சான்றிதழ் செல்லுபடியாக இருந்தது' என்ற வெளிச்சாட்சியும் நேரமும் சேர்ந்தே பதிவாகியிருந்தன.

சங்கிலியின் மேல் கண்ணியும் அறுந்ததுண்டு. நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் 2011-இல் புகுந்த ஒருவர், கூகுள் உட்படப் பல பெயர்களில் 531 போலிச் சான்றிதழ்களை எழுதிக்கொண்டார். அவற்றைக் கொண்டு ஈரானில் ஜிமெயில் பயன்படுத்துவோரை ஒட்டுக்கேட்டது அம்பலமானது. அரசுக்கே சான்றிதழ் தந்துகொண்டிருந்த அந்த நிறுவனம் ஒரே மாதத்தில் திவாலானது. 2014 ஜூலையில் அதே வகைச் சங்கடம் இந்தியாவுக்கும் வந்தது. தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்கள் வெளியாகியிருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. மறுநாளே சிசிஏ அந்தச் சான்றளிப்பு உரிமைகளை ரத்து செய்தார். கூகுளோ, அதற்குப் பின் தன் குரோம் உலாவியில் இந்திய மூலச் சான்றிதழின் செல்வாக்கை அரசுத் தளங்கள் போன்ற சில முகவரிகளுக்கு மட்டும் சுருக்கிவிட்டது. இவை இணையதளச் சான்றிதழ்கள். ஒப்பந்தக் கையொப்பங்கள் அல்ல. என்றாலும் உச்சியில் இருந்தது அதே மூலச் சாவி.

டோக்கனே வேண்டாம் என்று ஒரு வழி 2015-இல் திறந்தது. ஆதாரை வைத்து இயங்கும் இ-சைன். ஒருவர் ஓடிபி-யைத் தட்டியதும், சேவை நிறுவனத்தின் பாதுகாப்புப் பெட்டகத்தில் அவருக்கென ஒரு சாவி ஜோடி பிறக்கிறது; ஒரே ஒரு கையொப்பம் இடுகிறது; உடனே தனிச் சாவி அழிக்கப்படுகிறது. சான்றிதழின் ஆயுள் 30 நிமிடம். திருட யாருக்கும் எதுவும் மிஞ்சாது என்பது சாமர்த்தியமான யோசனை. டிராயர் பிரச்சினை ஒழிந்தது. ஆனால் 'தனிக் கட்டுப்பாடு' இப்போது ஒரு சிம் கார்டின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரே கைபேசியில் குடும்பமே ஓடிபி வாங்கும் வீடுகளில், கடன் விண்ணப்பத்துக்குத் தாயின் பெயரில் மகன் இட்ட கையொப்பத்தைப் பெட்டகத்தால் பிரித்தறிய முடியாது. ஐரோப்பாவும் தொலைவில் இருக்கும் பெட்டகச் சாவிகளை ஏற்றபோது பழைய வாசகத்தைத் தளர்த்த வேண்டியிருந்தது. கையெழுத்திடுபவர் தன் தனிக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கக்கூடியது என்றிருந்தது, உயர்ந்த அளவு நம்பிக்கையோடு தன் தனிக் கட்டுப்பாட்டில் பயன்படுத்தக்கூடியது என்று மாறியது. முழு உறுதி தர முடியாது என்பதை இவ்வளவு நாசூக்காக ஒப்புக்கொண்ட சட்ட வரி அரிது.

இனி வருவது காலத்தோடு போட்டி. டோக்கன் சான்றிதழின் ஆயுள் அதிகம் போனால் இரண்டு மூன்று ஆண்டுகள். நிலப் பத்திரம் மூன்று தலைமுறைக்கு நிற்க வேண்டும். அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தங்களை மின்னணு வடிவில் செய்ய இயலாது என்று இருந்த தடையை 2022-இல் மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டது. முத்திரைத் தீர்வையும் பதிவுச் சட்டமும் அப்படியே இருப்பதால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் வேலை இதனால் மட்டும் குறைந்துவிடவில்லை. ஆனால் கேள்வி பிறந்துவிட்டது. 1994-இல் பீட்டர் ஷோர் காட்டிய முறைப்படி, போதுமான வலிமையுள்ள குவாண்டம் கணினி ஒன்று வந்தால் ஆர்எஸ்ஏ-வும் நீள்வளைவு முறையும் சேர்ந்தே சரியும். அன்றைக்கு ஒருவர் இன்றைய தேதியிட்டு ஒரு போலிப் பத்திரத்தைக் கச்சிதமாகத் தயாரிக்க முடியும். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி, குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும் கையொப்ப முறைகளின் முதல் தரங்களை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. பழைய ஆவணங்களைப் பாதுகாக்க நம்பகமான நேர முத்திரையை அவ்வப்போது புதிய, வலிமையான முறையில் மேலே மேலே இட்டுக்கொண்டே போக வேண்டும். அதைச் செய்யப்போவது யார், செலவு யாருடையது என்பதைப் பத்திரம் எழுதும் இடங்களில் இன்னும் யாரும் பேசத் தொடங்கவில்லை.

அட்டவணையில் இன்னும் சில தடைகள் மிச்சம் இருக்கின்றன. டிரஸ்ட் பத்திரத்துக்குத் தடை நீங்கவில்லை. பொது அதிகாரப் பத்திரத்துக்கும் ரிசர்வ் வங்கி, செபி போன்றவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குச் சாதகமாக எழுதுவது தவிர மற்றபடி நீங்கவில்லை. உயிலுக்கும் அப்படியே. எவ்வளவு பெரிய சாவியைப் பயன்படுத்தினாலும் இந்தியாவில் உயிலை டிஜிட்டல் கையொப்பத்தால் எழுத முடியாது. இரண்டு சாட்சிகள் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மற்ற ஆவணங்களில் தகராறு வந்தால், "சாவி என்னிடம் இல்லை" என்று சொல்லவாவது கையெழுத்திட்டவர் உயிரோடு இருப்பார். உயில் பேசத் தொடங்கும்போது அவர் இருக்க மாட்டார்.